கண்காட்சியில் முதன்முறையாக மேசை எடுக்கிறேன்: நாணயம், பழம்பொருள் விற்பவர்களிடம் சில கேள்விகள்

அமராவதிக்கரை:

அனைவருக்கும் வணக்கம். நான் கரூரைச் சேர்ந்தவன். இதுவரை கண்காட்சிகளுக்கு வாங்குபவனாக மட்டுமே சென்றுவந்திருக்கிறேன். இப்போது கோவையில் ஒரு திருமண மண்டபத்தில் நடைபெறவுள்ள இரண்டு நாள் நாணய, பழம்பொருள் கண்காட்சியில் முதன்முறையாக ஒரு மேசைக்குப் பணம் கட்டியிருக்கிறேன். ஒரே வகையில் பல சேர்ந்துவிட்ட பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாய்கள், கம்பெனிக் காலத்துக் கால் அணாச் செப்புக் காசுகள், சுதந்திர இந்தியாவின் நினைவு நாணயங்கள், தரங்கம்பாடி டேனியர் காசுகள் சில, கொஞ்சம் பழைய ரூபாய் நோட்டுகள், பாட்டி வீட்டிலிருந்து வந்த எனாமல் தூக்குகள் ஆகியவை என்னிடம் உள்ளன.

இவற்றுள் எதை மேசையில் வைப்பது, விலையை எழுதி ஒட்டுவதா அல்லது கேட்பவரிடம் மட்டும் சொல்வதா, சட்டப்படி எவற்றைத் தொடக்கூடாது, வீட்டிலிருந்து காசுகளைக் கொண்டுவந்து விற்கக் கேட்பவர்களிடம் எப்படி நடந்துகொள்வது என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பழையபெட்டி:

வாழ்த்துகள், தம்பி. மதுரையிலும் திருச்சியிலும் சென்னையிலும் நீண்ட காலமாக மேசை போட்டு வருபவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் சரக்கைப் பற்றி. சேகரிப்பவர் விற்பனையாளராக மாறும்போது தன்னிடம் உள்ள மிகச் சிறந்த காசுகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் அழகாக அடுக்கிவிட்டு, நாள் முழுவதும் மக்கள் பார்த்துப் பாராட்டிச் செல்வதைக் கண்டு மகிழ்ந்து, மாலையில் மேசை வாடகைகூடத் தேறாமல் திரும்புவது வழக்கமாக நடக்கிறது. மண்டபத்துக்குள் வருபவர்களில் பெரும்பாலோர் சில நூறு ரூபாய்க்குள் ஏதேனும் ஒன்றை வாங்கிச் செல்லும் எண்ணத்தோடுதான் வருகிறார்கள். ஆகவே உங்கள் மேசையின் முன்வரிசையில் கால் அணாக்களும் நினைவு நாணயங்களும் இருக்கட்டும். தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்காக 2010இல் வெளியான 5 ரூபாய், அண்ணா நூற்றாண்டுக்காக 2009இல் அவருடைய தமிழ்க் கையெழுத்தோடு வெளியான 5 ரூபாய், 1995 உலகத் தமிழ் மாநாட்டுக்காக வெளியான திருவள்ளுவர் காசு ஆகியவற்றை நம் ஊர்க் குடும்பங்கள் பார்த்த உடனே கையில் எடுக்கின்றன. தரங்கம்பாடிக் காசுகளைப் பின்வரிசையில் வையுங்கள். அவற்றைத் தேடுபவர் எங்கிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார்.

அடுத்தது விலை. ஒவ்வொரு ஹோல்டரின் (காசை வைத்து ஸ்டேப்ளர் அடிக்கும் அட்டை உறை) மேலும் விலையை எழுதுங்கள். அதற்குக் கீழே காசின் குறையையும் எழுதுங்கள். என்னைப் பொறுத்தவரை மேசை விற்பனையின் உயிர் இந்த இரண்டு வரிகளில்தான் இருக்கிறது. நம் பகுதியில் இதற்குத் தனிக் காரணம் உண்டு. பழைய வெள்ளி ரூபாய்களில் கணிசமானவை ஒருகாலத்தில் காசுமாலையாகவோ பதக்கமாகவோ கழுத்தில் கிடந்தவை. வளையத்தை நீக்கிவிட்டு மெருகேற்றிய காசை நேராகப் பார்த்தால் எதுவும் தெரியாது. அதையே சாய்த்து, அரசர் தலைக்கு நேர்மேலே உள்ள விளிம்பை உருப்பெருக்கியில் பார்த்தால், மற்ற இடங்களில் வரிவரியாக ஓடும் பற்கள் அந்த இடத்தில் மட்டும் வழவழப்பாக மழுங்கியிருக்கும், பற்றவைத்த தடம் சற்றுச் சாம்பல் நிறத்தில் தெரியும். இதை அறிந்த விற்பனையாளர் ‘வளையம் நீக்கியது’ என்று எழுதி அதற்குரிய விலையைப் போட வேண்டும். வாங்குபவர் கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருப்பது வியாபாரம் ஆகாது.

மற்றொன்று, கண்காட்சிக்கு முன் காசுகளைப் புளி போட்டோ சாம்பல் போட்டோ தேய்க்காதீர்கள். பளபளப்பு ஒரு நாள் கண்ணைக் கவரும். நுண்ணிய கீறல்கள் என்றென்றும் நிற்கும். நூறு ஆண்டுகள் காற்றில் படிந்த மேற்பூச்சு போய்விட்டால் அந்தக் காசின் மதிப்பில் பெரும்பகுதி அதோடு போய்விடும்.

வைகைமீன்:

பழையபெட்டி ஐயாவின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் விலை எழுதுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. இதை மறைப்பதற்காகச் சொல்லவில்லை. தொழில் நடக்கும் முறையை வைத்துச் சொல்கிறேன்.

கண்காட்சியில் பெரிய கொடுக்கல் வாங்கல் பொதுமக்கள் உள்ளே வருவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. விற்பனையாளர்கள் மேசைகளை விரித்துக்கொண்டிருக்கும் காலை வேளையில் ஒருவர் மேசைக்கு ஒருவர் சென்று, வாங்கித் திரும்ப விற்பதற்கு இடம் இருக்கும் விலையைக் கேட்பார்கள். மொத்தமாக எடுப்பவருக்கு ஒரு விலையும், ஒற்றைக் காசு எடுப்பவருக்கு ஒரு விலையும் இருப்பது இயல்பு. விலை ஒட்டியிருந்தால் அதிலிருந்துதான் பேரம் தொடங்கும், மேலே போகவே முடியாது. இரண்டாவதாக, வெள்ளியின் விலை நாளுக்கு நாள் மாறுகிறது. சென்ற மாதம் எழுதிய விலையில் இன்று ஒரு விக்டோரியா ரூபாயை விற்றால், உருக்குபவரிடம் கொடுத்ததைவிடக் குறைவாகக் கிடைக்கக்கூடும்.

பழையபெட்டி:

நண்பர் வைகைமீன் வெள்ளியைப் பற்றிச் சொன்னது சரியானது. அதை ஏற்றுக்கொண்டு என் ஆலோசனையைத் திருத்திக்கொள்கிறேன். சாதாரண ஆண்டுகளின் வெள்ளி ரூபாய்களுக்கு மட்டும் விலை ஒட்டாமல், அன்றைய கணக்கை ஒரு சிறு பலகையில் எழுதி வைக்கலாம்.

புதியவர்களுக்காகக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 1835 முதல் 1939 வரை வெளியான ஒரு ரூபாயின் எடை 11.66 கிராம், அதில் பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி. அதாவது ஏறத்தாழ 10.69 கிராம் தூய வெள்ளி. 1940இலிருந்து 1945 வரை வெளியான ஆறாம் ஜார்ஜ் ரூபாயில் பாதிதான் வெள்ளி, 1947ஆம் ஆண்டு ரூபாய் நிக்கல். சுதந்திரத்துக்குப் பிறகு 1969இல் காந்தி நூற்றாண்டுக்காக வந்த 10 ரூபாய் 15 கிராம் எடை, அதில் 12 கிராம் வெள்ளி. அன்றைய கிராம் விலையால் பெருக்கினால் அடிமட்ட விலை தெரிந்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு என்பதுதான் காசின் தரத்தையும் அது எவ்வளவு அரிது என்பதையும் பொறுத்தது. 1939ஆம் ஆண்டு ரூபாய் போன்ற அரிய காசுக்கு இந்தக் கணக்கே பொருந்தாது.

விற்பனையாளருக்கு ஒரு விலை, பொதுமக்களுக்கு ஒரு விலை என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் ஒட்டிய விலையிலிருந்து விற்பனையாளருக்கு இவ்வளவு தள்ளுபடி என்று கொடுத்தாலே அந்த நோக்கம் நிறைவேறிவிடுகிறது. முகத்தைப் பார்த்து விலை சொல்வதை மட்டும் என்னால் ஏற்க முடியாது.

தேடும்கண்:

நான் விற்பவன் அல்லன், வாங்குபவன். எங்கள் பக்கத்தின் பார்வையையும் பதிவு செய்ய விரும்புகிறேன்.

விலை எழுதப்படாத மேசையை நான் பெரும்பாலும் கடந்து சென்றுவிடுவேன். ஐந்து காசுகளின் விலையைக் கேட்டுவிட்டு ஒன்றும் வாங்காமல் நகர்வது எனக்கே கூச்சமாக இருக்கும்போது, கல்லூரி மாணவரோ முதன்முறை வரும் பெண்களோ எப்படிக் கேட்பார்கள்? விலையும் குறையும் எழுதியிருக்கும் மேசையில் நான் நெடுநேரம் நிற்கிறேன். விற்பவர் வேறொருவரோடு பேசிக்கொண்டிருந்தாலும் நானே முடிவு செய்துகொள்ள முடிகிறது.

போலிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இராமர், சீதை, அனுமன் உருவங்களோடு ‘கிழக்கிந்தியக் கம்பெனி 1818’ என்றோ அதற்கு முந்தைய ஆண்டுகளோ பொறித்த செப்பு வில்லைகள் ஒவ்வொரு கண்காட்சியிலும் ஏதோ ஒரு மேசையில் கிடக்கின்றன. கம்பெனி அத்தகைய நாணயத்தை வெளியிட்டதே இல்லை. பிற்காலத்தில் பக்திக்காகவும் விற்பனைக்காகவும் செய்யப்பட்ட வில்லைகள் அவை. அவற்றைக் கோயில் வில்லை என்று சொல்லி விற்பதில் தவறில்லை. கம்பெனிக் காசு என்று விற்பது ஏமாற்று. வெள்ளி ரூபாய்களிலும் வார்த்தெடுத்த போலிகள் பெருகிவிட்டன. நான் வாங்குவதற்கு முன் இருநூறில் ஒரு பங்கு கிராம்கூட விடாமல் எடை பார்க்கும் பழக்கம் உடையவன். தன் மேசையிலேயே சிறு எடைக்கருவியை வைத்து, ‘நீங்களே நிறுத்துப் பாருங்கள்’ என்று சொல்லும் விற்பனையாளரிடம் நான் பேரம் பேசுவதில்லை.

அதோடு, பொருளைத் திருப்பித் தரலாமா என்பதையும் முன்பே சொல்லுங்கள். கண்காட்சி முடிந்து ஒரு வாரத்துக்குள் போலி என்று தெரிந்தால் முழுப் பணத்தையும் தருவேன் என்று பில்லில் எழுதிக் கொடுப்பவர்கள் மிகச் சிலரே. அவர்களைத் தேடித்தான் நான் ஊர் ஊராகச் செல்கிறேன்.

காகிதக்காசு:

ரூபாய் நோட்டுகளைப் பற்றிக் கேள்வி இருந்ததால் எழுதுகிறேன்.

1 ரூபாய் நோட்டில் நிதித்துறைச் செயலரும், மற்ற நோட்டுகளில் ரிசர்வ் வங்கி ஆளுநரும் கையெழுத்திடுவார்கள் என்பது சேகரிப்பவர்களுக்குத் தெரிந்ததே. வருபவர்களில் பலர் கையெழுத்து வரிசையை நிரப்பத்தான் தேடுகிறார்கள். ஆகவே உங்கள் நோட்டுகளை மதிப்பு வாரியாக அடுக்காமல் கையெழுத்து வாரியாக அடுக்கி, ஒவ்வோர் உறையின் மேலும் பெயரை எழுதிவிடுங்கள். நோட்டை எக்காரணம் கொண்டும் இஸ்திரி போடாதீர்கள். மடிப்பு மறைந்தாலும் தாளின் மொறுமொறுப்பும் அச்சின் மேடும் போய்விடும், கையில் வாங்கியவுடனே தெரிந்துவிடும்.

இனி ஒரு சட்டச் செய்தி. 2016இல் செல்லாததாக்கப்பட்ட 500, 1000 ரூபாய் நோட்டுகளைக் கட்டாக வைத்துக்கொண்டு சிலர் மேசைக்கு வருவார்கள். 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒருவர் மொத்தம் 10 நோட்டுகளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஆய்வுக்காகவோ நாணயவியலுக்காகவோ என்றால் 25 நோட்டுகள் வரை வைத்திருக்கலாம். மீறினால் 10,000 ரூபாய் அல்லது நோட்டுகளின் முகமதிப்பைப் போல் ஐந்து மடங்கு, இவற்றுள் எது அதிகமோ அது அபராதம். யாரேனும் கட்டை நீட்டினால் வாங்காமல் மரியாதையாகத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

786 என்று முடியும் எண்களையும் வைஷ்ணவ தேவி படம் போட்ட 5 ரூபாயையும் இலட்சக்கணக்கில் வாங்குவதாக வரும் விளம்பரங்களை நம்பி மக்கள் உங்களிடமும் கேட்பார்கள். பழைய நாணயங்களையும் நோட்டுகளையும் வாங்குவதிலோ விற்பதிலோ தனக்குத் தொடர்பில்லை என்றும், தன் பெயரில் கமிஷன் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்றும் ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் வெளியிட்ட அறிவிப்பின் அச்சுப்படியை என் மேசையில் எப்போதும் வைத்திருக்கிறேன். வாதாடுவதைவிட அதைக் காட்டுவது எளிது. முன்பணம் கட்டத் தயாராக வந்த சிலர் அதைப் படித்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள்.

செட்டிநாட்டுப்பெட்டகம்:

வணக்கம். காரைக்குடியில் பழம்பொருள் வியாபாரம் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்தவள். நாணயங்களைப் பற்றி மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். எனாமல் தூக்குகளைப் பற்றியும் பொதுவாகப் பழம்பொருள்களைப் பற்றியும் நான் சொல்கிறேன்.

தூக்கின் அடியைத் திருப்பிப் பாருங்கள். சுவீடன், செக்கோஸ்லோவாகியா, ஜப்பான் போன்ற நாடுகளின் பெயரோ தயாரிப்பு முத்திரையோ இருந்தால் அதைத் தேய்த்துவிடாமல் காப்பாற்றுங்கள். பர்மாவோடும் மலேயாவோடும் கொண்டுவிற்றுப் பிழைத்த காலத்தில் எங்கள் வீடுகளுக்கு அடுக்கடுக்காக வந்து இறங்கியவை இவை. விளிம்பில் எனாமல் பெயர்ந்து இரும்பு தெரிவது இயல்பு. அதன்மேல் புதிய வண்ணம் பூசுவதுதான் விலையைக் கெடுக்கும். பித்தளை, வெண்கலப் பாத்திரங்களாக இருந்தால் கழுத்தில் புள்ளிபுள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கிறதா என்று பாருங்கள். சீர்வரிசையில் வந்த பாத்திரத்தின் மீது முதலெழுத்துகளும் ஊர்ப் பெயரும் வெட்டுவது நம் வழக்கம். சிலர் அதைக் குறை என்று எண்ணி ராவி எடுத்துவிடுகிறார்கள். சேகரிப்பவர் விரும்புவதே அந்த எழுத்தைத்தான்.

ரவிவர்மா படங்களைப் பற்றி இங்கே யாரும் கேட்கவில்லை. ஆனாலும் கண்காட்சியில் யாராவது கொண்டுவந்து காட்டுவார்கள் என்பதால் சொல்கிறேன். 1894இல் தொடங்கிய ரவிவர்மா அச்சகத்தின் படங்கள் கல்லச்சில் பல வண்ணங்களாக ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிடப்பட்டவை. உருப்பெருக்கியில் பார்த்தால் வண்ணப் புள்ளிகள் ஒழுங்கற்றுச் சிதறிக் கிடக்கும். ஒரே அளவுப் புள்ளிகள் வட்டவட்டமாகச் சீராக அமைந்திருந்தால் அது பிற்கால ஆஃப்செட் அச்சு. தேயிலைத் தண்ணீரில் நனைத்துப் பழுப்பேற்றிச் சட்டம் போட்டு விற்பதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். கீழ் ஓரத்தில் அச்சகத்தின் பெயர் இருக்கும் வெள்ளை விளிம்பைச் சட்டத்துக்காக வெட்டியிருந்தால் உண்மையான படத்துக்கும் விலை குறையும்.

சட்டத்தைப் பொறுத்தவரை, 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைப்பொக்கிஷச் சட்டம் நூறு ஆண்டுகளைக் கடந்த சிற்பம், ஓவியம், நாணயம் உள்ளிட்டவற்றைத் தொல்பொருள் என்கிறது. கையெழுத்துச் சுவடிகளுக்கு 75 ஆண்டுகளே போதும். தொல்பொருளை வணிகமாக விற்பவர் உரிமம் பெற வேண்டும் என்று அதன் 5ஆம் பிரிவு கூறுகிறது. 1918ஆம் ஆண்டு ரூபாய் நூறைக் கடந்துவிட்டது என்பதை நினைவில் வையுங்கள். ஒருமுறை விற்றுப் பார்ப்பதற்கும் தொழிலாகச் செய்வதற்கும் உள்ள எல்லையை நீங்களே தீர்மானித்துக்கொள்ளாமல், சென்னைக் கோட்டையில் உள்ள இந்தியத் தொல்லியல் துறையின் வட்ட அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தொல்பொருளை வெளிநாட்டுக்கு அனுப்புவதில் எந்த ஐயத்துக்கும் இடமில்லை, தனியார் ஏற்றுமதி செய்யவே கூடாது. கண்காட்சியில் படம் எடுத்துக்கொண்டு போய், ‘சிங்கப்பூருக்குத் தபாலில் அனுப்ப முடியுமா’ என்று பிறகு கேட்பவருக்கு முடியாது என்பதுதான் பதில்.

யானைத் தந்தத்தில் செய்த சீப்போ குங்குமச்சிமிழோ எவ்வளவு பழையதாக இருந்தாலும் மேசைக்கு வரக்கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அந்த வணிகத்தை முற்றிலும் தடை செய்கிறது. புலிநகப் பதக்கமும் அப்படியே.

எல்லாவற்றையும்விட எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது ஒன்று உண்டு. கோயில் சார்ந்த எதையும் வாங்காதீர்கள். ஒரு கண்காட்சியில் என்னிடம் விலைக்கு வந்த வெண்கலத் தூண்டாமணி விளக்கின் அடிவட்டத்தில் ஒரு விரல் நீளத்துக்கு அரம் போட்டு ராவியிருந்தார்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது ‘உபயம்’ என்ற சொல்லின் கடைசி எழுத்து மட்டும் மங்கலாகத் தெரிந்தது. கொண்டுவந்தவரிடம் அதைக் காட்டி, வாங்க முடியாது என்று சொல்லி, கண்காட்சி அமைப்பாளர்களிடமும் தெரிவித்துவிட்டேன். சிலைத் திருட்டுக்காகத் தனிக் காவல் பிரிவே வைத்திருக்கும் மாநிலம் நம்முடையது. யாரோ ஒருவர் நேர்ந்துகொண்டு கொடுத்த விளக்கு அது. அதை விலைபேச யாருக்கும் உரிமை இல்லை.

அமராவதிக்கரை:

இவ்வளவு விரிவான பதில்களுக்கு நன்றி. எடைக்கருவி வைப்பது, குறைகளை எழுதுவது இரண்டையும் கட்டாயம் செய்கிறேன். தூக்குகளில் ஒன்றின் அடியில் சுவீடன் என்ற முத்திரை இருக்கிறது, அக்கா.

என் நான்காவது கேள்விக்கு இன்னும் விரிவான பதில் வரவில்லை. வீட்டிலிருந்து காசுகளைக் கொண்டுவருபவர்களிடம் என்ன சொல்வது? சிலர் விலை தெரியாமல் வருவார்கள், சிலர் இலட்சங்களை எதிர்பார்த்து வருவார்கள். சென்ற முறை நான் வாங்குபவனாக நின்றிருந்தபோது ஒருவர் செப்புக் காசொன்றை எடுத்துக்காட்டி, இது அரிசியை இழுக்கும் என்று பக்கத்து மேசையில் மெதுவாகக் கூறியதையும் கேட்டேன்.

பழையபெட்டி:

அரிசி இழுக்கும் காசு, இரிடியம் கலசம் என்று பேச்சைத் தொடங்குபவரிடம், அப்படி ஒன்று கிடையாது என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுங்கள். காசில் காந்தத்தை வைத்து, அரிசியில் இரும்புத் தூள் பூசி நடத்தும் மோசடி அது. நம் மாவட்டங்களில் எத்தனையோ குடும்பங்கள் இதில் நிலத்தை இழந்திருக்கின்றன. விவாதத்தில் இறங்கினால் உங்கள் மேசையைச் சுற்றிக் கூட்டம் கூடிவிடும், ஆகையால் நேரத்தைச் செலவிடாதீர்கள்.

விலை தெரியாமல் வருபவரிடம்தான் நம் நேர்மை வெளிப்பட வேண்டும். வயதான அம்மா ஒருவர் முடிச்சை அவிழ்த்து நாற்பது ஐம்பது காசுகளைக் கொட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் பிரித்து வையுங்கள். வெள்ளி ஒருபுறம், செம்பு ஒருபுறம், நிக்கல் ஒருபுறம். வெள்ளியை அவர் கண்ணெதிரே நிறுத்து, இன்றைய விலைப்படி வெள்ளிக்கு மட்டும் இவ்வளவு வரும் என்று காகிதத்தில் எழுதிக் காட்டுங்கள். பிறகு ஆண்டுகளைப் பாருங்கள். அரசி என்று பொறித்த விக்டோரியா காசு 1876 வரை, பேரரசி என்று பொறித்தது 1877 முதல். 1862 என்று ஆண்டு போட்ட ரூபாய் பல ஆண்டுகள் அதே ஆண்டோடு அச்சிடப்பட்டது. பின்புறம் உள்ள சிறு புள்ளிகளின் எண்ணிக்கையை வைத்துத்தான் வகை பிரிக்க வேண்டும், சில வகைகளுக்கு நல்ல விலை உண்டு. 1911ஆம் ஆண்டுக் காசு இருந்தால் தனியாக எடுத்து வையுங்கள். ஐந்தாம் ஜார்ஜின் மேலங்கியில் உள்ள யானையின் தும்பிக்கை குட்டையாக அமைந்து பன்றியைப் போலத் தெரிந்ததால் எதிர்ப்பு எழுந்து, அடுத்த ஆண்டே அச்சை மாற்றினார்கள். சேகரிப்பவர்கள் இன்றும் அதைப் பன்றி ரூபாய் என்றே கேட்டு வாங்குகிறார்கள்.

அப்படி ஒன்று கிடைத்தால் அந்த அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். ‘அம்மா, இந்த ஒரு காசு மற்றவற்றைவிட மதிப்புள்ளது, இதற்குத் தனியாக இவ்வளவு தருகிறேன், வேண்டுமென்றால் இன்னும் இரண்டு மேசைகளில் கேட்டுவிட்டு வாருங்கள்’ என்று சொன்னால், பத்தில் எட்டுப் பேர் சுற்றிவிட்டு உங்களிடமே திரும்பி வருவார்கள். வாங்கிய எல்லாவற்றுக்கும் பெயர், ஊர், தேதி, தொகை எழுதி ஒரு சீட்டில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாளை அது திருட்டுப் பொருள் என்று யாராவது வந்தால் உங்களைக் காப்பது அந்தச் சீட்டு மட்டுமே.

வைகைமீன்:

மேசையிலேயே வாங்குவதைப் பற்றி ஐயா சொன்னதை முழுமையாக ஆதரிக்கிறேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். வீட்டுப் பெரியவருக்குத் தெரியாமல் காசுகளை எடுத்துவரும் சிறுவர்களிடம் எந்தப் பொருளையும் வாங்க வேண்டாம். பெற்றோரோடு வரச் சொல்லுங்கள்.

அஞ்சல்வில்லை:

தஞ்சாவூரில் தபால்தலை சேகரிப்பவன். சிறுவர்கள் என்ற பேச்சு வந்ததால் எழுதுகிறேன்.

மேசையின் ஓரத்தில், பத்து வயதுப் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில், எதை எடுத்தாலும் 10 ரூபாய் என்று எழுதிய ஒரு பெட்டியை வையுங்கள். வெளிநாட்டுச் சில்லறைக் காசுகள், பயன்படுத்திய தபால்தலைகள், தேய்ந்த ஓட்டைக் காசுகள் எல்லாம் அதில் கிடக்கட்டும். பிள்ளைகள் அதைக் கிளறிக்கொண்டிருக்கும் அரைமணி நேரத்தில் பெற்றோர் உங்கள் மேசையின் மற்ற பகுதிகளைப் பார்ப்பார்கள் என்பது வியாபாரக் கணக்கு. அதைவிடப் பெரிய காரணம், நம் கண்காட்சிகளுக்கு வருபவர்களின் தலைகள் ஆண்டுதோறும் நரைத்துக்கொண்டே போகின்றன. தன் காசைக் கொடுத்துத் தானே தேர்ந்தெடுத்து வாங்கிய பிள்ளைதான் மறுமுறை வருகிறது. இலவசமாகக் கொடுத்தால் அந்த ஈடுபாடு வருவதில்லை. அந்தப் பெட்டியில் போலிகளை மட்டும் போடாதீர்கள்.

தபால்தலைகளும் விற்கப்போகிறீர்கள் என்றால், 1948 ஆகஸ்ட் 15இல் சுவிட்சர்லாந்தில் அச்சிட்டு வெளியான காந்தி வரிசையின் 10 ரூபாய்த் தலையைச் சான்று இல்லாமல் வாங்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம். அதற்குப் போலிகள் மிகுதி.

காகிதக்காசு:

இதுவரையிலான பேச்சில் விடுபட்ட நடைமுறைச் செய்திகளைச் சுருக்கமாகத் தருகிறேன். மண்டப விளக்குகள் மஞ்சளாக இருக்கும், வெள்ளை எல்இடி மேசைவிளக்கும் நீளமான மின்கம்பியும் எடுத்துச் செல்லுங்கள். மென்மையான பிவிசி உறைகளில் காசுகளை வைத்திருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள், நம் ஊர் வெப்பத்தில் அது கசிந்து செம்பின் மேல் பச்சையாகப் பிசுபிசுக்கும். பூட்டுள்ள கண்ணாடிப் பெட்டி ஒன்று வேண்டும். தனியாகச் செல்லாதீர்கள். சாப்பிடப் போகும்போதும் மேசையில் ஒருவர் இருந்தாக வேண்டும், ஒரே நேரத்தில் இரண்டு ஆல்பங்களை இரண்டு பேர் கையில் கொடுக்கக் கூடாது. ஜிபே, போன்பே தொகை உங்கள் கணக்கில் ஏறியதைப் பார்த்த பிறகே பொருளைக் கொடுங்கள், அவர் திரையில் காட்டும் பச்சை டிக் போதாது. சில மண்டபங்களில் சிக்னல் கிடைக்காது, எனவே சில்லறையும் கையில் இருக்கட்டும்.

அமராவதிக்கரை:

மேலும் ஒரே ஓர் ஐயம். கரூரில் அமராவதி ஆற்று மணலில் கிடைத்த சிறு செப்புக் காசுகள் சில, மணல் சலிப்பவர்களிடமிருந்து என் தந்தை காலத்தில் வாங்கியவை, வீட்டில் உள்ளன. சில சதுரமானவை, சேரர் காசாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். இவற்றை மேசையில் வைத்தால் நல்ல வரவேற்பு இருக்கும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.

தேடும்கண்:

வைக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மண்ணில் புதைந்து கிடைத்த பொருள் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புடையதானால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டமே சொல்கிறது. சட்டத்தை ஒருபுறம் வைத்துவிட்டுப் பார்த்தாலும், சங்ககாலக் காசுகளைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்தவற்றுள் பெரும்பங்கு, தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தியைப் போன்றவர்கள் இத்தகைய சிறு செப்புக் காசுகளைப் பொறுமையாகத் துலக்கிப் படித்து வெளியிட்டதால் கிடைத்தது. ‘பெருவழுதி’ என்ற பாண்டியன் பெயர் ஒரு காசின் மீது படிக்கப்பட்டது அப்படித்தான். உங்களிடம் உள்ளவை எந்த ஆற்றில், எந்தப் பகுதியில் கிடைத்தவை என்பது உங்களுக்குத் தெரியும். மேசையிலிருந்து அவை ஆளுக்கொன்றாகப் பிரிந்து சென்றால் அந்தச் செய்தி அழிந்துவிடும்.

செட்டிநாட்டுப்பெட்டகம்:

நானும் இதையே சொல்ல நினைத்தேன். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் நாணயப் பிரிவு இருக்கிறது, கரூரிலேயே அரசு அருங்காட்சியகமும் இருக்கிறது. ஒவ்வொரு காசையும் இருபுறமும் படம் எடுத்து, எடையும் அளவும் எழுதி, தந்தையார் வாங்கிய இடத்தையும் குறித்துக்கொண்டு காப்பாட்சியரைப் பாருங்கள். துலக்காமலே கொண்டுசெல்லுங்கள்.

அமராவதிக்கரை:

ஏற்றுக்கொள்கிறேன். ஆற்றுக் காசுகளைக் கோவைக்குக் கொண்டுசெல்லவில்லை. கரூர் அருங்காட்சியகத்துக்கு எடுத்துச் செல்வதற்காக இன்றிரவே படம் எடுக்கத் தொடங்குகிறேன். வெள்ளி ரூபாய்களில் வளையம் நீக்கியவற்றைப் பிரித்துக்கொண்டிருக்கிறேன், நான் எண்ணியதைவிடக் கூடுதலாகவே இருக்கின்றன. அவற்றின் ஹோல்டர்களில் குறையைத் தமிழிலேயே எழுதலாமா, அல்லது பிற மாநில விற்பனையாளர்களும் வருவார்கள் என்பதால் ஆங்கிலத்திலும் எழுத வேண்டுமா?

பழையபெட்டி:

இரண்டிலும் எழுதுங்கள், தம்பி. இடம் போதாவிட்டால் முன்புறம் விலையும் குறையும் தமிழில், பின்புறம் ஆங்கிலத்தில். ஹோல்டரைத் திருப்பிப் பார்க்காத விற்பனையாளர் யாரும் இல்லை. ஸ்டேப்ளர் ஊசிகளை மட்டும் குறடால் தட்டையாக்கிவிடுங்கள், அடுத்த காசைக் கீறிவிடும்.